ஜன்னல்களை அடைத்தால் பி-8ஐ

பெட்டிக்குள் இருப்பது போயிங் 737-800, சாதாரணப் பயணிகள் விமானம். ரஷ்யாவின் ஸ்வெஸ்தா நிறுவனம் 1/144 அளவில் வார்த்து விற்கும் பிளாஸ்டிக் கிட். கட்டி முடித்ததும் மேசையில் நிற்க வேண்டியது வேறொன்று: அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலிருந்து கிளம்பி, கடலுக்கடியில் ஒளிந்திருக்கும் நீர்மூழ்கியைத் தேடிப் போகும் பி-8ஐ. இரண்டுக்கும் அடிப்படை உடல் ஒன்றே. 737-800-இன் உடலையும் 737-900-இன் இறக்கையையும் எடுத்து, வலுவூட்டித்தான் போயிங் நிறுவனம் பி-8 வரிசையை உருவாக்கியது. ஆகவே கிட்டை மாற்றிக் கட்டுகிறவர் கத்தி வைக்கும் இடங்களில் எல்லாம் அவருக்கு முன்பே ஒரு பொறியாளர் கை வைத்திருக்கிறார். அவர் ஏன் வைத்தார் என்று கேட்டுக்கொண்டே அறுத்தால், பொழுதுபோக்கு என்று தொடங்கிய வேலை கடலியலுக்கும் காந்தவியலுக்கும் இழுத்துக்கொண்டு போகும்.

பயணிகள் விமானத்தைக் கடற்காவலுக்குத் திருப்புவது இந்தியாவுக்குப் பழைய பழக்கம். ஏர் இந்தியா ஓட்டிய சூப்பர் கான்ஸ்டெலேஷன் விமானங்கள் 1960-களின் தொடக்கத்தில் விமானப்படைக்குப் போயின. 1976-இல் எஞ்சியவை கடற்படைக்கு வந்தன; அவற்றை வைத்து ஐ.என்.ஏ.எஸ். 312 என்ற படைப்பிரிவு தொடங்கியது. அடுத்த ஆண்டு வந்த சோவியத் ஐஎல்-38-உம் ஐஎல்-18 என்ற பயணிகள் விமானத்தின் வாரிசுதான். 1988-இல் வந்த டியு-142 மட்டும் குண்டுவீச்சு விமானத்தின் வழி வந்தது. எதிரெதிராகச் சுழலும் இரட்டை விசிறிகளோடு அரக்கோணத்தின் வானத்தைப் பல ஆண்டுகள் அதிரவைத்த அந்த விமானம் 2017 மார்ச் 29-இல் ஓய்வு பெற்றது. அதில் ஒன்று இப்போது விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. டியு-142-இன் இடத்தில் 312-ஆம் பிரிவின் கைக்கு பி-8ஐ வந்தது. 2009 ஜனவரியில் 8 விமானங்களுக்கு ஒப்பந்தம், 2013 மே 15-இல் முதல் விமானம் ராஜாளியில் தரையிறங்கியது, 2016-இல் மேலும் 4. அமெரிக்காவுக்கு வெளியே பி-8-ஐ வாங்கிய முதல் நாடு இந்தியா.

கடற்காவல் என்றால் சண்டைவிமானச் சாகசம் கிடையாது. தளத்திலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டர் போய், அங்கே நான்கு மணி நேரம் சுற்றித் தேடி, திரும்பி வர வேண்டும். உள்ளே திரைகளுக்கு முன்னால் ஆட்கள் உட்கார்ந்து வேலை பார்க்க இடம் வேண்டும். எரிபொருளைச் சிக்கனமாகக் குடிக்கும் எஞ்சின், எங்கும் கிடைக்கும் உதிரிபாகம், நல்ல கொள்ளளவு. இத்தனையும் பயணிகள் விமானத்தில் ஏற்கனவே இருக்கின்றன.

இனி அளவுக் கணக்கு. 1/144 என்பது ஓர் அங்குலத்துக்கு 12 அடி. 39.47 மீட்டர் நீளமுள்ள பி-8 மேசையில் 27.4 செ.மீ. ஆகிறது. நடுத்தர உயரமுள்ள மனிதர் 12 மி.மீ.க்கும் குறைவு. நீளம் 144 பங்கு சுருங்கும்போது பரப்பு 20,736 பங்கு சுருங்குகிறது, கன அளவு சுமார் 30 லட்சம் பங்கு. நிறைய எரிபொருளும் ஆயுதமும் ஏற்றிய பி-8 அதிகபட்சம் 85.8 டன் எடையோடு மேலெழும்பும். அதை 30 லட்சத்தால் வகுத்தால் 29 கிராமுக்கும் கொஞ்சம் குறைவாக வரும். கிட்டைக் கட்டி எடைபோட்டுப் பாருங்கள், நிச்சயம் கூடுதலாகவே காட்டும். காரணம் சுவரின் கனம். பிளாஸ்டிக்கை அச்சில் அழுத்தி வார்ப்பதற்கு ஒரு மில்லிமீட்டராவது கனம் வேண்டும். நிஜ அளவுக்குப் பெருக்கினால் அது 14.4 செ.மீ. சுவர். நிஜமான 737-இன் அலுமினியத் தோலோ பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர்தான். அதை மாடல் அளவுக்குக் குறைத்தால் 0.007 மி.மீ. சமையலறையில் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளே அதைவிடக் கனம். விமானம் என்பது உள்ளே காற்றழுத்தம் ஏற்றிய, மெல்லிய உலோகக் குழல். பிளாஸ்டிக் மாடலில் தவறாமல் பொய்யாகப் போகும் விஷயம் இது ஒன்றுதான். அதை யாரும் திருத்த முடியாது, வெளியே தெரியவும் போவதில்லை.

முதல் வேலை ஜன்னல். பயணிகள் விமானத்தின் இருபுறமும் வரிசையாக இருக்கும் துளைகள் பி-8ஐயில் இல்லை. முன்பக்கம் இரு பக்கமும் கடலைக் குனிந்து பார்க்க ஒரு பெரிய ஜன்னல், மற்றபடி வெறும் சுவர். அழுத்தம் ஏற்றிய உடலில் ஒவ்வொரு துளையும் பலவீனம்தான். அதன் ஓரத்தில் தகைவு குவியும், அதைத் தாங்கச் சுற்றிலும் கூடுதல் உலோகம் வேண்டும், எடை ஏறும். கடல்மட்டத்துக்கு அருகே இறங்கி, அங்கே காற்றின் குலுக்கலில் அடிபட்டு, மறுபடி ஏறும் விமானத்துக்கு உலோகச் சோர்வு சாதாரண 737-ஐவிடப் பெரிய தலைவலி. தேவையில்லாத துளைகளை விட்டுவைக்க முடியாது.

மாடலில் அடைப்பது எப்படி? கிட் பிளாஸ்டிக்கின் பெயர் பாலிஸ்டைரீன். நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் சிக்குப்பிடித்த நூல்கண்டு மாதிரிக் கிடக்கும் பொருள். பியூட்டைல் அசிட்டேட், அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் அந்தச் சிக்குக்குள் புகுந்து சங்கிலிகளை நழுவ விடும். மாடல்காரர்கள் ‘சிமென்ட்’ என்று சொல்லும் நீர்போன்ற திரவம் இதைத்தான் செய்கிறது. இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் தூரிகை நுனியை வைத்தால் போதும். நுண்புழை ஈர்ப்பில் திரவம் தானாக ஓடிப் பரவும். இரு பக்கத்துச் சங்கிலிகளும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும், கரைப்பான் ஆவியாகிப் போகும், மிச்சம் இருப்பது ஒரே பிளாஸ்டிக். இதைப் பசை என்பது சரியில்லை, குளிர்ந்த பற்றவைப்பு என்பதே சரி. ஃபெவிக்விக் வகைப் பசை வேறு கதை. சயனோஅக்ரிலேட் காற்றிலுள்ள ஈரத்தைத் தொட்டதும் தானே பாலிமராக இறுகி, இடையில் ஒரு மூன்றாவது பொருளாக நிற்கும்.

ஜன்னல் துளைக்கு நான் பரிந்துரைப்பது பட்டி அல்ல. கார் பட்டறையில் பார்ப்பது போன்ற பட்டியில் பொடியும் கரைப்பானும் கலந்திருக்கும். கரைப்பான் போகப்போகப் பட்டி சுருங்கும். இன்று மழமழவென்று தேய்த்து வைத்த இடம் அடுத்த வாரம் பெயின்ட் அடித்த பிறகு வரிசையாகக் குழிவிழுந்து, அடைத்த ஜன்னல்களை ஊருக்கே காட்டிக்கொடுக்கும். பாகங்களைப் பிடித்திருக்கும் ஸ்ப்ரூ சட்டத்தை வீணாக்காமல் சின்னச் சின்னதாக நறுக்கி, ஒவ்வொரு துளையிலும் செருகி, சிமென்ட் விட்டுக் காயவைப்பது மேல். உடலும் அடைப்பும் ஒரே பொருள் என்பதால் ஒன்றாகவே தேயும், ஒன்றாகவே சுருங்கும். நன்றாகக் காய வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. பொறுமை இல்லாதவர்கள் பட்டியே பார்க்கலாம். குழி விழுந்தால் மறுபடி பார்க்கலாம்.

சாத்தூரை அடுத்த அச்சங்குளம் பக்கம் உட்கார்ந்து கரைப்பானைப் பற்றி எழுதும்போது இன்னொன்றையும் எழுதாமல் தாண்டக்கூடாது. 2021 பிப்ரவரி 12-இல் இந்த ஊர்ப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் பலர் உயிரிழந்தார்கள். மேசைமேல் இருக்கும் ஒரு சின்னப் புட்டி தின்னரை அதோடு ஒப்பிட முடியாது. ஆனால் தீயின் இயல்பு இரண்டிடத்திலும் ஒன்றே. அசிட்டோன் மைனஸ் 20 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவியைக் கொடுக்கும். நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போய் எட்டத்தில் இருக்கும் சுடரைத் தேடிப் பிடிக்கும். பட்டாசு அறையில் நைலான் சேலை கூடாது, பருத்திதான் உடுத்த வேண்டும் என்பதன் காரணம் நிலைமின்சாரம். பாலிஸ்டைரீன் நிலைமின்சாரத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதில் நைலானுக்குச் சளைத்ததல்ல. உலர்ந்த உப்புத்தாளில் தேய்த்த மாடலில் தூசி அப்பிக்கொண்டு ஊதினாலும் போகாமல் நிற்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் நிலைமின்சாரமும் ஏறாது, பிளாஸ்டிக் தூளும் மூக்கில் போகாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். மெழுகுவர்த்தி தேவைப்படும் வேலை ஒன்று பின்னால் வருகிறது; அப்போது தின்னர், சிமென்ட் எல்லாம் மூடி வேறு அறைக்குப் போயிருக்க வேண்டும்.

இறக்கை நுனிக்கு வருவோம். கிட்டில் இறக்கையின் முனை மேல்நோக்கி மடிந்து நிற்கும். பி-8ஐயில் அது மடியாமல், பின்னோக்கிச் சாய்ந்து கூர்மையாக நீண்டு முடியும். இறக்கைக்குக் கீழே அழுத்தம் அதிகம், மேலே குறைவு. நுனியில் கீழ்க்காற்று மேலே ஏறப் பார்க்கும், சுழலாகச் சுருளும். அந்தச் சுழலுக்கு ஆகும் ஆற்றல் எரிபொருளிலிருந்துதான் போகிறது. இழப்பைக் குறைக்க எளிய வழி இறக்கையை நீளமாக்குவது. பயணிகள் விமானத்துக்கு அது எளிதல்ல; விமான நிலையங்களில் இந்த ரக விமானங்களுக்கான நிறுத்துமிடங்கள் 36 மீட்டருக்கு உட்பட்ட இறக்கை அகலத்துக்குத் திட்டமிடப்பட்டவை. நுனி மடிந்த 737-800-இன் அகலம் 35.8 மீட்டர், எல்லைக்குள் கச்சிதமாக அடங்குகிறது. மடித்ததன் லாபம் புரிகிறதல்லவா? ராஜாளியில் இந்த நெருக்கடி இல்லை. 4 கிலோமீட்டருக்கும் நீளமான ஓடுதளம் உள்ள தளத்தில் இறக்கைக்கு இடமா பஞ்சம்? பி-8-இன் அகலம் 37.64 மீட்டர். நுனி மடிப்பே இல்லாத 737-800-இன் 34.3 மீட்டரோடு ஒப்பிட்டால், எளிய ஏரோடைனமிக்ஸ் கணக்கில், ஒரே எடைக்கும் ஒரே வேகத்துக்கும் இந்தச் சுழல் இழப்பு சுமார் 17 சதவீதம் குறையும். மெதுவாகப் பறக்கும்போதுதான் இந்த வகை இழப்பு பெரிது. தேடுதல் வேலையில் பெரும்பொழுது மெதுவாகத்தான் பறக்க வேண்டியிருக்கிறது.

மேசையில் இதன் பொருள்: மடிப்பை அறுத்தெறிந்துவிட்டு, மடிப்பில்லா இறக்கையின் அளவுக்கு மேல் பக்கத்துக்கு 11.5 மி.மீ. சேர்க்க வேண்டும். பிளாஸ்டிக் அட்டையை இரண்டு அடுக்காக ஒட்டி, முன்விளிம்பு உருண்டையாகவும் பின்விளிம்பு கத்திபோலவும் தேய்த்து எடுக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வர, நான்கு துண்டையும் ஒன்றாக அடுக்கி ஒரே வெட்டில் வெட்டுவது நல்லது.

அடிவயிற்றில் வேலை அதிகம், ஆனால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. இறக்கைக்குப் பின்னால் ஆயுத அறையின் கதவுக்கோடுகளைக் கீற வேண்டும். அதற்குள் போகும் மார்க்-54 டார்பிடோவின் விட்டம் 324 மி.மீ.; மாடலில் இரண்டேகால் மி.மீ. கதவைத் திறந்து காட்ட ஆசைப்பட்டால், காது சுத்தம் செய்யும் பஞ்சுக்குச்சியின் தண்டு டார்பிடோவாகிவிடும். கோடு கீறும்போது கை கனத்துவிடக்கூடாது. 0.2 மி.மீ. கீறலே நிஜ அளவில் 29 மி.மீ. பள்ளம், உண்மையான விமானத்தில் அப்படியொரு இடைவெளி இருந்தால் ஓடுதளத்தையே தாண்டவிட மாட்டார்கள்.

அதே பகுதியில்தான் ஒலிமிதவைகள் விழும் துளைகள். நூற்றுக்கும் மேற்பட்ட மிதவைகளோடு பறக்கும் விமானம் இது. ஒவ்வொன்றும் 12.4 செ.மீ. விட்டமும் 91 செ.மீ. நீளமும் உள்ள குழல். மாடல் அளவில் கோலமாவுக் கோடு தடிமன்கூட வராது. சின்னப் பாராசூட்டில் இறங்கிக் கடலைத் தொட்டதும் மேல்பாதி மிதக்கும், ஒலிவாங்கி கம்பியில் தொங்கியபடி ஆழத்துக்குப் போகும், கேட்டதை வானொலி அலையில் விமானத்துக்குச் சொல்லும். இந்த வகை ரேடியோ அலை கடல்நீருக்குள் சில மீட்டர்கூட உருப்படியாகப் போகாது; ஒலியோ நொடிக்கு 1,500 மீட்டர் வேகத்தில் பல கிலோமீட்டர் ஓடும். நேராக ஓடாது என்பதுதான் சிக்கல். வெப்பமும் உப்பும் மாறமாற ஒலியின் வேகம் மாறும், வேகம் குறைந்த பக்கமாக அது வளையும். வங்கக்கடலின் வடபகுதியில் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் மேலடுக்காக மிதக்கிறது. கீழே உப்பு கூடிய நீர். அதற்கும் கீழே வெப்பம் சரசரவென்று குறையும். இந்த அடுக்குகளால் ஒலி புகாத நிழல் இடங்கள் உண்டாகின்றன. நீர்மூழ்கித் தளபதிக்கு அவை ஒளியுமிடம். மிதவையின் ஒலிவாங்கியை எந்த ஆழத்தில் தொங்கவிடுவது என்பது அதனால்தான் பெரிய கேள்வி.

மூக்கிலுள்ள ரேடார் முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் பார்க்கும், தன் உடலுக்குப் பின்னால் பார்க்காது. அமெரிக்காவின் பி-8ஏ அதோடு நிற்கிறது. இந்தியா பின்பக்கத்துக்கும் இன்னொரு ரேடார் கேட்டு வாங்கியது. வாலுக்குக் கீழே புடைத்துத் தெரியும் உறைக்குள் அது இருக்கிறது. இந்தப் புடைப்பையும், அடுத்து வரும் வால்கொம்பையும் பார்த்தே பி-8ஐயை அடையாளம் சொல்லிவிடலாம். புடைப்புக்கு எபாக்ஸி மாவு வசதி. இரண்டு மாவையும் பிசைந்து வைத்து, ஈரவிரலால் நீவிவிட்டு, இறுகியபின் தேய்க்கலாம். வேதிவினையால் இறுகுவதால் பட்டிபோலச் சுருங்காது.

புடைப்பு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், கொம்பு எவ்வளவு நீளம்? வரைபடம் கையில் இல்லாவிட்டாலும் புகைப்படம் போதும். விமானத்தின் உயரம் 12.83 மீட்டர் என்று தெரியும். பக்கவாட்டில், தொலைவிலிருந்து, நீள லென்ஸில் எடுத்த படமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, உயரத்தை மட்டக்கோலால் அளந்து, அதே கோலால் கொம்பையும் அளந்தால் விகிதம் கிடைத்துவிடும். அருகில் நின்று எடுத்த படம் ஏமாற்றும்; பக்கத்தில் உள்ளது பெருத்தும் தள்ளியுள்ளது சிறுத்தும் காட்டும்.

வால்கொம்புதான் இந்த மாடலின் உயிர். வால்கூம்பின் முடிவிலிருந்து பின்னோக்கி நீளும் அந்தத் தண்டின் நுனியில் இருப்பது காந்தமானி. கனடாவின் சிஏஇ நிறுவனம் செய்தது. நீர்மூழ்கி என்பது ஆயிரக்கணக்கான டன் எஃகு. பூமியின் காந்தப்புலம் அதன் வழியாகப் போகும்போது கொஞ்சம் கோணும். அந்தக் கோணலைப் பறந்தபடியே கண்டுபிடிப்பதுதான் வேலை. நம் தென்தமிழ்நாட்டில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா. சில நூறு மீட்டர் தொலைவிலிருந்து நீர்மூழ்கி உண்டாக்கும் மாற்றமோ ஒரு சில நானோடெஸ்லா, பல வேளை அதற்கும் கீழே. அதுவும் தூரத்தின் முப்படிக்கு நேர்மாறாகத் தேயும்: 300 மீட்டரில் தெரிந்த குறி 600 மீட்டரில் எட்டில் ஒரு பங்காகிவிடும், 900 மீட்டரில் இருபத்தேழில் ஒரு பங்கு. ஆகவே விமானம் தாழப் பறந்தாக வேண்டும். பி-8ஏவை உயரத்திலிருந்தே வேலை பார்க்கும்படி திட்டமிட்ட அமெரிக்கக் கடற்படை, எடையும் மிச்சம் என்று இந்தக் கருவியை விட்டுவிட்டது. இந்தியா விடவில்லை.

கருவியை ஏன் கொம்பில் கொண்டுபோய் வைக்க வேண்டும்? விமானமே ஒரு காந்தத் தொந்தரவு. எஞ்சினில் இரும்பு, உடல் முழுக்க மின்கம்பி, திரும்பும்போதெல்லாம் அலுமினியத் தோலில் ஓடும் சுழல் மின்னோட்டம். முப்படி விதி இங்கே நமக்குச் சாதகமாகிறது. சில மீட்டர் தள்ளிப்போனாலே தொந்தரவு மளமளவென்று குறையும். மிச்சமிருப்பதைக் கணினி கழித்துவிடும்.

இந்தப் பகுதியில் உட்கார்ந்து இதை யோசிப்பதில் தனிச் சுவை உண்டு. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. தும்பாவில் 1963-இல் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததும், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வகம் வைத்திருப்பதும் அதனால்தான். சாத்தூரில் ஒரு காந்த ஊசியை மேலும்கீழும் ஆடும்படி நடுவில் தொங்கவிட்டால், டெல்லியில்போலத் தலைகுத்தாமல் ஏறக்குறையக் கிடையாகவே நிற்கும். புலம் இப்படி வடக்கு தெற்காகப் படுத்துக்கிடக்கும் கடலில், வடக்கு நோக்கிப் போகும் நீர்மூழ்கியின் நீளவாக்கில் புலம் பாய்ந்து அதை நன்றாகக் காந்தமேற்றும். அதே கப்பல் கிழக்கே திரும்பினால் புலம் குறுக்கே போகும், தூண்டப்படும் காந்தம் வெகுவாகக் குறையும். எஃகில் ஏற்கனவே படிந்த நிரந்தரக் காந்தம் தனிக் கணக்கு. பகலில் இதே நடுக்கோட்டுக்கு மேல் 100 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கி ஓடி, தரையில் புலத்தை மெல்ல ஏற்றி இறக்கும். தேடும் குறியைவிட அது பல மடங்கு பெரிது. மெதுவாக மாறுவது என்பதால் வடிகட்ட முடிகிறது. மீன்பிடிப் படகுகளும் சரக்குக் கப்பல்களும் இரைச்சலிடும் நம் கடல்களில் ஒலியை மட்டும் நம்பி ‘இதுதான்’ என்று சொல்வது கடினம். கடைசி உறுதிக்குக் காந்தம் இருப்பது நல்லது என்றே நினைக்கிறேன். கொம்பைக் கேட்டு வாங்கியது சரியான முடிவு.

எடையை எங்கே வைப்பது என்பது நிஜத்திலும் மாடலிலும் ஒரே சிக்கல். வாலில் எபாக்ஸி சேர்த்தால் ஈர்ப்புமையம் பிரதான சக்கரங்களுக்குப் பின்னால் நகரும், மாடல் வாலில் உட்கார்ந்து மூக்கைத் தூக்கிக்கொள்ளும். உடலின் இரு பாதிகளையும் மூடுவதற்கு முன்பே மூக்குக்குள் தூண்டில் ஈயக்குண்டுகளை வைத்து ஒட்டிவிட வேண்டும். ஐஎல்-18-ஐ ஐஎல்-38 ஆக்கியபோது சோவியத் பொறியாளர்களுக்கு இதன் மறுபக்கம் நேர்ந்தது: கருவிகள் முன்னால் குவிந்து எடை முன்னோக்கி நகர்ந்தது. அவர்களுக்கு ஈயக்குண்டு வசதி இல்லை. இறக்கையையே 3 மீட்டர் முன்னால் தள்ளி வைத்தார்கள்.

முதுகிலும் வயிற்றிலும் நிற்கும் ஆன்டெனாக்களுக்குத்தான் மெழுகுவர்த்தி. பாலிஸ்டைரீன் சுமார் 100 டிகிரியில் இளகும். ஸ்ப்ரூ துண்டைச் சுடருக்கு மேலே உருட்டிப் பிடித்து, பளபளத்துத் தொய்ந்ததும் வெளியே எடுத்து இழுத்தால் முடிபோல நீளும். பருமன் பத்தில் ஒன்றானால் நீளம் நூறு மடங்கு. ஒரு சென்டிமீட்டர் ஸ்ப்ரூவில் ஒரு மீட்டர் இழை.

பெயின்ட் பெரும்பாலும் சாம்பல்தான், அதில் விவாதம் குறைவு. கொஞ்சம் வெள்ளை கலந்து வெளுப்பாக அடிப்பது நல்லது. தொலைவில் நிற்கும் விமானத்துக்கும் நமக்கும் இடையே உள்ள காற்று ஒளியைச் சிதறடித்து நிறத்தை வெளிறச் செய்யும், மாடலுக்கு அந்தக் காற்று கிடையாது. எஞ்சின் வாயின் விளிம்புக்கு மட்டும் வெள்ளி நிறம். வெள்ளிப் பெயின்டில் மினுங்குவது அலுமினியச் செதில். விமானத்தின் தோலும் அலுமினியம், இங்கே மத்தாப்பில் வெள்ளையாகப் பொரிவதும் அலுமினியம். தகடாக இருக்கும்போது மேலே படியும் ஆக்சைடு அதைக் காக்கும். தூளானதும் பரப்பு பெருகி எரிபொருளாகிவிடும். பட்டாசுத் தூளைப் பெயின்டில் கலந்து பார்க்கலாமே என்று எந்தப் பையனுக்காவது தோன்றினால், வேண்டாம்.

சின்னங்களுக்கு சிவகாசி இருக்கிறது. காவி வளையம், நடுவே வெள்ளை, மையத்தில் பச்சை, ஐ.என். 320 என்ற வரிசை எண், கடற்படையின் பெயர். தண்ணீரில் ஊறவைத்தால் ஸ்டார்ச் பசை கரைந்து மெல்லிய படலம் மட்டும் நழுவி வரும் டீக்கால் தாளில் இதை அச்சிட வேண்டும். காலண்டரும் பட்டாசுப் பெட்டியும் அடிக்கும் ஆஃப்செட் முறையை அப்படியே நம்ப முடியாது. ஆஃப்செட் மைகள் ஒளிபுகுபவை. வெள்ளைத் தாளின் வெளிச்சத்தில்தான் காவி காவியாகத் தெரியும். சாம்பல் விமானத்தின்மேல் ஒட்டினால் அழுக்கேறிய செங்கல் நிறம். கலப்பு நிறத்தைப் புள்ளிகளாக அடிப்பது இன்னொரு தொல்லை. நிஜத்தில் ஒரு மீட்டர் அகல வட்டம் மாடலில் 7 மி.மீ.; அதற்குள் நாற்பது சொச்சம் புள்ளிதான் குறுக்கே அடங்கும், ஓரம் பல்பல்லாக வரும். ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவரிடம் போய், முதலில் வெள்ளை மை, அதன்மேல் காவிக்கும் பச்சைக்கும் தனித்தனி மை என்று கேளுங்கள். கல்யாணப் பத்திரிகைக்குப் பொன்மை அடித்துப் பழகியவர்களுக்கு இது பெரிய காரியமில்லை. ஒரே தாளில் இருபது விமானத்துக்கு அடித்துக்கொண்டால் செலவும் கட்டும்.

வால்கொம்பைக் கடைசியில் ஒட்டுங்கள். பிளாஸ்டிக்கில் செய்தால் கை பட்டதும் முறியும், ஆகவே தையல் ஊசியை நீளம் பார்த்து வெட்டி, மேலே சிமென்டில் கரைத்த ஸ்ப்ரூக் குழம்பைப் பூசித் தேயுங்கள். நிஜ விமானத்தில் இரும்பே அண்டக்கூடாத இடம் அது.